பழைய டோப்போ ஷீட்டில் ஒரு கறுப்புக் கோடு

ஐப்பசி பிறந்தால் எனக்கு இப்படி ஒரு போன் வந்துவிடும். போன வருஷம் பேசியவர் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர். புது வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். "பட்டா, புலப்படம் எல்லாம் பார்த்துத்தானே தம்பி மனை வாங்கினோம்?" என்றார். பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் புலப்படம் எல்லையையும் அளவையும்தான் சொல்லும், மேடு பள்ளத்தைச் சொல்லாது.

அதற்கு இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டைத்தான், அதாவது மேடு பள்ளம், நீர்நிலை எல்லாம் காட்டும் நிலப்படத்தைத்தான், விரிக்க வேண்டும். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கியது. காரைக்குடி 58 ஜே/16 என்ற எண்ணுள்ள ஷீட்டில் வரும், தேவகோட்டை அதற்குத் தெற்கே 58 கே/13-இல். பிளேன் டேபிளை (முக்காலியில் பொருத்திய வரைபலகை) வெயிலில் நிறுத்தி, இடத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தவை. ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் அந்த உழைப்பை நினைத்துக்கொள்வேன்.

ஆச்சி வீட்டுப் பக்கம் மேல் கண்மாயிலிருந்து கீழ்க் கண்மாய்க்கு மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இறங்குகிறது. நீலக் கோடு என்றால் தண்ணீர் இருக்கும் ஓடை, கறுப்பு என்றால் மழைக்கு மட்டும் ஓடுவது. வீடு அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது.

நம் செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தரையும் தென்கிழக்கே கடலைப் பார்த்து மெல்லத்தான் சரிகிறது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து, 50 அடிக்கு ஒன்றாகப் போட்ட சம உயரக் கோடுகள் இங்கே அபூர்வம். அதனால் கண்மாயைப் படியுங்கள். கரை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பள்ளம். கரையோரம் பொடி எழுத்தில் '10 ஆர்' (ஆங்கில r) என்றிருந்தால், கரை பக்கத்துத் தரையைவிட 10 அடி உயரம். கலிங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) எங்கே, அங்கிருந்து வெளியேறும் மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று விரலால் தொடர்ந்து போனால் உங்கள் மனை எங்கே நிற்கிறதென்று தெரிந்துவிடும்.

சரி, எல்லைத் தகராறுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஷீட்டில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். அப்புறம், பழைய ஷீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போனில் போட்டால் இடம் 100 மீட்டருக்கு மேலும் தள்ளிக் காட்டும். பழைய ஷீட்டின் கணக்கு, பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற அளவை வைத்தது, போனின் கணக்கு வேறு. கோயில், கண்மாய்க் கரை என்று இடம் மாறாத அடையாளங்களை வைத்துப் பொருத்துங்கள்.

புதிய 1:50,000 ஷீட்டுகளைத் துறையின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகவே இறக்கலாம். பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காணாமல் போன ஓடை எதுவென்று தெரியும்.

ஆச்சி வீட்டில் மதிலடியில் இரண்டு குழாய் பதித்து, பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறோம். மனை வாங்கும் முன்பே கேட்டிருந்தால் வீட்டை நாலடி உயர்த்திக் கட்டச் சொல்லியிருப்பேன்.