நாடகத்தை ஆண்டு விழாவிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள்

பொங்கல் முடிந்தால் டெல்டா பள்ளிகளில் ஆண்டு விழா ஒத்திகை ஆரம்பித்துவிடும். நன்றாகப் பேசும் ஐந்தாறு பிள்ளைகளுக்கு வசனம். மீதிப் பேருக்கு மரம், அலை, காவலாளி. அதுவும் கிடைக்காதவர்கள் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள். வாடகை டிரஸுக்கு வீட்டில் பணம் கேட்க வேண்டும், அது எல்லா வீட்டிலும் கிடைக்காது. விழா முடிந்த மறு வாரமே வசனம் மறந்துவிடும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டப் பள்ளிகளில் பல வருடங்களாக நாடகப் பயிற்சி நடத்தி வருகிறேன். ஆண்டு விழா நாடகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாடகத்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நன்மையில் பெரும்பகுதி, மைக்கும் வேஷமும் பார்வையாளரும் இல்லாத வகுப்பறைக்குள்தான் கிடைக்கிறது. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் பாத்திரம் உண்டு.

நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நடத்தியதைச் சொல்கிறேன். பாடம் தண்ணீர். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் சாக்பீஸால் காவிரியை வரைந்தோம். ஒரு மூலையில் மேட்டூர். நடுவில் கல்லணை, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. எதிர் மூலையில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை, தலைஞாயிறு. ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகள் நின்றார்கள். தண்ணீருக்குப் புளியங்கொட்டை. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி என்பதால் மேட்டூர்க்காரி கையில் 120 கொட்டை. பாசனத்துக்கு வழக்கமாக மேட்டூரைத் திறக்கும் நாளைச் சொல்லி, "ஜூன் 12!" என்று குரல் கொடுத்ததும் அவள் திறந்துவிட வேண்டும்.

மூணாறு தலைப்பில் லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளராக, நின்ற பையனின் ஊருக்குக் கோரையாற்றுப் பாசனம். அவன் அந்தப் பக்கமே அள்ளி அள்ளிக் கொடுத்தான். தலைஞாயிற்றில் நின்ற சிறுமிக்கு வந்து சேர்ந்தது மூன்று கொட்டை.

"சிலை!" என்றேன். எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். நான் யாரைக் காட்டுகிறேனோ அவர் அந்தப் பாத்திரத்தின் மனதில் ஓடுவதைச் சொல்ல வேண்டும். லஸ்கர் சொன்னான்: "சாயங்காலம் டீக்கடையில எங்க ஊர்க்காரங்க மூஞ்சியில நான் முழிக்கணும்ல, சார்." தலைஞாயிற்றுச் சிறுமி சொன்னாள்: "நாத்து விட்டாச்சு. இப்ப நான் யாருகிட்ட போய்க் கேக்கறது?"

அடுத்த சுற்றில் இருவரையும் இடம் மாற்றினேன். கடைமடையில் நின்று வெறுங்கையைப் பார்த்ததும் அந்தப் பையனே முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்டான். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. வெளியே நின்று பார்ப்பவருக்கு வேறு யோசனை தோன்றினால் கை தட்டி நிறுத்திவிட்டு, பாதிக்கப்பட்டவர் இடத்தில் தானே வந்து நின்று நடித்துக் காட்டலாம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறை இது. நானும் சும்மா நிற்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாத புது அதிகாரியாக உள்ளே போனேன். விளக்கம் சொல்லும் பொறுப்பு பிள்ளைகள் தலையில் விழுந்தது. ஆசிரியரே பாத்திரமாக மாறும் இந்த முறையை வகுப்பறைக்குள் வளர்த்தவர் இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட்.

அப்புறம் கணக்கு ஆசிரியர் அதே கொட்டைகளை வைத்துப் பின்னம் நடத்தினார். தமிழாசிரியை கலெக்டருக்கு மனு எழுதச் சொன்னார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அப்பாவோடு போய்வந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள். பெறுநர் எங்கே, பொருள் எங்கே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். கட்டுரை என்றால் நாலு வரியில் நிறுத்திவிடுகிறவர்கள் ஒரு பக்கம் நிறைத்தார்கள். யாருக்கு எழுதுகிறோம், எதற்கு எழுதுகிறோம் என்பது தெரிந்திருந்தது.

இதில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறது, கேட்காவிட்டால் பதில் சொல்ல முடியாது. கையும் காலும் சேர்ந்து செய்ததை, வாசித்து மட்டும் விட்டதைவிட நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறது. விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார் உளவியலாளர் வைகோட்ஸ்கி. அடுத்தவர் தோலுக்குள் புகுந்து பார்க்கும் பழக்கத்தை எந்த நன்னெறிப் பாடமும் இவ்வளவு சீக்கிரம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நம் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. சீர்காழியில் இருந்துகொண்டு அருணாசலக் கவிராயர் இராமாயணத்தை நாடகப் பாட்டாக்கியது 18ஆம் நூற்றாண்டில். மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் இன்றும் நடக்கிறது, ஆர்சுத்திப்பட்டில் இரணிய நாடகம். மெலட்டூரில் நரசிம்மர் முகமூடியைப் பூசை செய்துதான் எடுப்பார்கள். அணிகிறவர் விரதம் இருப்பார். ஆவேசம் வந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் நிற்பார்கள். பாத்திரத்துக்குள் போகிறவரைப் பத்திரமாக வெளியே கொண்டுவரவும் வேண்டும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பிலும் அதைச் செய்யுங்கள். அடித்தவன், திருடியவன், குடிகார அப்பா என்று நடித்த பிள்ளை முகம் கழுவிவிட்டு வந்து, "நான் இன்னார், எனக்குப் பிடித்தது இது" என்று சொந்தப் பெயரைச் சொல்லட்டும். இரண்டு நிமிட வேலை. செய்யாவிட்டால் அந்தப் பட்டப்பெயர் வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

பாத்திரம் கொடுப்பதைப் பற்றி ஆசிரியர்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. கறுப்பாக இருக்கிற பிள்ளைக்கு அரக்கன், குண்டாக இருக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டு ராமன், சிவப்பாக இருக்கிற பெண்ணுக்கு சரஸ்வதி, எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்து வேலைக்காரன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் ஊர் அந்தப் பிள்ளையிடம் தினமும் சொல்வதையே பள்ளியும் மேடை போட்டுச் சொல்கிறது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பெண் பிள்ளை மிராசுதார் ஆகட்டும், பையன் களை பறிக்கட்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, பிள்ளைகளுக்கு ஆறுதலாகப் பலர் நாடகம் போட வந்தார்கள். நல்ல மனது. ஆனால் "புயலில் என்ன நடந்தது, நடித்துக் காட்டு" என்று கேட்கக் கூடாது. ஓடு பறந்த வீட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையை மறுபடி அதே இருட்டுக்குள் தள்ளுகிற காரியம் அது. கூடு இழந்த ஒரு குருவியின் கதையைக் கொடுங்கள். குருவி அடுத்து என்ன செய்யும் என்று பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். சொல்ல வேண்டியதைக் குருவியின் வாயால் சொல்லிவிடுவார்கள், சொல்லப் பிடிக்காததைச் சொல்லாமலும் இருக்கலாம். நடிக்க மாட்டேன் என்கிற பிள்ளையை இழுக்க வேண்டாம். மழைச் சத்தம் போடுவதும் தப்பு மேளம் தட்டுவதும் நாடகத்தில்தான் சேர்த்தி.

நாடகம் மருந்தில்லை என்பதையும் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். திக்கிப் பேசுகிறவர்கள் கூட்டாகச் சொல்லும்போதும் பாடும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. அதைப் பார்த்துவிட்டுத் திக்குவாய் குணமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுவதை நிறுத்தக் கூடாது. காது கேட்பதில் சந்தேகம், எழுத்துக் கூட்டுவதில் விடாத சிரமம் என்றாலும் அப்படித்தான்.

போர்ஷன் முடியாது, சத்தம் வரும், பக்கத்து வகுப்பு சண்டைக்கு வரும் என்பார்கள். சத்தம் வரும், உண்மைதான். மரத்தடிக்குப் போய்விடலாம். போர்ஷனைப் பொறுத்தவரை, நடித்த பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டியதில்லை என்பதால் நேரம் திரும்பக் கிடைத்துவிடும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கதைக் களம், பாடல் களம், பொம்மலாட்டக் களம் என்று சின்ன வகுப்புகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது, ஆனால் அது போட்டி. ஜெயிக்கிறவர்களையே அனுப்பத் தோன்றும். ஆறாம் வகுப்புக்கு மேல் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்று தலைமையாசிரியர்கள் அட்டவணையிலேயே எழுதிவைத்தால்தான் இது நிற்கும்.

ஆரம்பிக்கிறவர்கள் முழு நாடகத்தோடு ஆரம்பிக்காதீர்கள். பாடத்தில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, இருவர் இருவராகப் பிரித்து, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடிக்கட்டும். பார்க்க ஆள் இல்லாததால் கூச்சம் குறையும். ஐந்து நிமிடம் கழித்துப் பாத்திரத்தை மாற்றுங்கள். "எந்தப் பக்கம் நிற்பது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் பேசி முடிக்கிறவரை குறுக்கிடாமல் கேளுங்கள்.