ஸ்பேம்: தகர டப்பாவிலிருந்து அஞ்சல் பெட்டிக்கு

கேட்காமல் மொத்தமாக வந்து குவியும் மின்னஞ்சலை ஸ்பேம் என்கிறோம், ஆனால் அது முதலில் ஓர் இறைச்சியின் பெயர். 1937-இல் அமெரிக்காவின் ஹார்மல் நிறுவனம் ஒரு வகைப் பன்றி இறைச்சியைத் தகர டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. அதற்கு வைத்த வணிகப் பெயர்தான் ஸ்பேம். கெட்டுப்போகாது, குளிர்பெட்டி வேண்டாம், எங்கும் அனுப்பலாம் என்பதால் இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு டப்பா டப்பாவாகப் போனது. போர் முடிந்த பிறகும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு பல ஆண்டுகள் தொடர்ந்தது. வேறு இறைச்சி அளவாகவே கிடைத்த அந்தக் காலத்தில் இது எளிதாகக் கிடைத்து, மக்களுக்கு அலுத்தே போயிற்று.

அந்த அலுப்பைத்தான் மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழு 1970-இல் பிபிசி தொலைக்காட்சியில் கிண்டல் செய்தது. ஓர் உணவகம். கணவனும் மனைவியும் வருகிறார்கள். பட்டியலில் உள்ள அநேகமாக எல்லாவற்றிலும் ஸ்பேம் இருக்கிறது. அது வேண்டாம் என்கிறார் மனைவி. பக்கத்தில் பழங்காலக் கடற்கொள்ளையர் வேடத்தில் உட்கார்ந்திருக்கும் வைக்கிங் கூட்டமோ ‘ஸ்பேம், ஸ்பேம், ஸ்பேம்’ என்று பாடத் தொடங்கி, வேறு யார் பேசுவதும் காதில் விழாதபடி அமுக்கிவிடுகிறது.

கணினிக்காரர்களுக்கு இந்தக் காட்சி மிகவும் பிடித்துப்போனது. இணையத்தின் ஆரம்ப நாட்களில் அரட்டைக்கும் விளையாட்டுக்கும் கூடியவர்களில் சிலர், ஒரே வரியை அடித்து அடித்துத் திரையை நிரப்பிவிடுவார்கள். அந்தத் தொல்லைக்கு ஸ்பேம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1993-இல் யூஸ்நெட் என்னும் இணைய விவாதக் குழுமங்களில் ஒரு கணினி நிரல் பழுதாகி ஒரே செய்தியைச் சுமார் 200 முறை பதிந்தபோதும் அதே பெயரைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர்கள் இருவர், அமெரிக்காவில் நிலையாகக் குடியிருக்கும் உரிமை தரும் கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுமங்களில் கொட்டினார்கள். அப்புறம் இந்தச் சொல் கணினி வட்டத்தைத் தாண்டிப் பரவிவிட்டது.

பெயர் வருவதற்கு முன்பே தொல்லை இருந்தது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்ற விற்பனையாளர், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்குப் புதிய கணினியைப் பற்றி ஒரே மடலை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று இதைத்தான் காட்டுகிறார்கள். அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்பே, 1975-இல், வேண்டாத அஞ்சலை எப்படி நிறுத்துவது என்று இணைய முன்னோடி ஜான் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அதில் அவர் ஆண்ட சொல் ‘ஜங்க் மெயில்’.

ஹார்மல் நிறுவனம் என்ன சொன்னது? எங்கள் பொருளைக் குறிக்கும்போது பெரிய எழுத்தில் எழுதுங்கள், மின்னஞ்சலைக் குறிக்கும்போது சிறிய எழுத்தில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. தமிழில் எழுதும்போது அந்தச் சலுகையை நம்மால் அவர்களுக்குத் தர முடியாது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, ஸ்பேம் என்ற சொல்லில் மோசடி என்ற பொருள் எங்குமே இல்லை என்பது. கேட்காமல் வருவது, மொத்தமாக வருவது, மற்றதை அமுக்குவது, அவ்வளவுதான். கடைக்காரர் அனுப்பும் தள்ளுபடி மடலில் பொய்யே இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் கேட்காமல் லட்சம் பேருக்கு அனுப்பினால் அது ஸ்பேம். உங்கள் ஒருவரைக் குறிவைத்து, உங்கள் மேலதிகாரி பெயரில், பொறுமையாக எழுதிய ஏமாற்று மடல் மிகவும் ஆபத்தானது, ஆனால் சொல்லின் பழைய பொருளில் அது ஸ்பேம் இல்லை. இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. தொல்லையைக் கண்டு பழகிய கண், ஆபத்தையும் தொல்லை என்றே எண்ணித் தாண்டிப்போகிறது. இல்லையென்றால், மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போகவில்லையே, அப்படியானால் நல்லதுதான் என்று நம்பிவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

இணையத் தமிழில் எரிதம் என்று எழுதுகிறார்கள் சிலர். சுருக்கமான சொல், எரிச்சலையும் நினைவூட்டுகிறது. ஆனால் விளக்கம் கேட்காமல் யாருக்கும் புரியாது. தூக்கி எறிய வேண்டியது என்று எண்ணி ‘எறிதம்’ என எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. வேண்டா அஞ்சல் என்பது தெளிவாக இருக்கிறது, ஆனால் மாதாமாதம் வரும் கட்டண நினைவூட்டலும் நமக்கு வேண்டாததுதான்! என் வாக்கு குப்பை அஞ்சலுக்கே. காரணம், குப்பை என்றால் இன்று கழிவு, பழந்தமிழில் குவியல். நெல்லைக் குவித்து வைத்தாலும் அது குப்பைதான். மொத்தமாகக் குவிவது, உதவாதது என்று ஸ்பேம் சொல்லவரும் இரண்டும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. பேச்சில் ஸ்பேம் என்றே சொல்வதிலும் தவறில்லை. எந்தச் சொல்லானாலும் மொத்த விளம்பரத் தொல்லைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

குப்பையைப் பிரிக்கும் வேலையை இன்று பெரும்பாலும் வடிகட்டிகளே செய்கின்றன. 2002-இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரைக்குப் பின் ஒரு முறை பரவலானது. நீங்கள் குப்பை என்று ஒதுக்கிய மடல்களில் எந்தச் சொற்கள் அதிகம், நல்ல மடல்களில் எவை அதிகம் என்று கணக்கு வைத்து, புதிய மடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நிகழ்தகவால் முடிவு செய்யும் முறை அது. நல்ல மடலுக்கு அந்த வட்டத்தில் ‘ஹேம்’ என்று பெயர், அதுவும் பன்றி இறைச்சிதான். வடிகட்டியை ஏமாற்றத்தான் எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பது, சொற்களைப் படமாக அனுப்புவது எல்லாம் வந்தன. ஆகவே வந்த குப்பையை வெறுமனே அழிக்காமல், ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தி ஒதுக்குவது நல்லது. வடிகட்டி கற்றுக்கொள்வது அதிலிருந்துதான். நல்ல மடல் தவறிப்போய் ஸ்பேம் பெட்டியில் விழுந்திருந்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று மீட்பதும் அதே அளவு முக்கியம்.

‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற லிங்க்கை அழுத்தலாமா? நீங்களே பதிவு செய்த நிறுவனம் என்றால் தாராளமாக அழுத்தலாம். மொத்தமாக மடல் அனுப்புவோர், ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024-இல் விதி கொண்டுவந்தன. முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் அழுத்தினாலோ, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், மடலைத் திறந்தும் படிக்கிறார் என்று நாமே சொல்லிக் கொடுத்தது போலாகும்.

அடுத்தது போலி அஞ்சல். இதற்கு ஆங்கிலம் வழியாக வந்த சொல் ஃபிஷிங். மீன்பிடித்தல் என்ற ஆங்கிலச் சொல்லையே, முதலில் வரும் ‘எஃப்’ எழுத்துக்குப் பதில் ‘பிஎச்’ போட்டு எழுதியது. 1970களில் தொலைபேசி அமைப்பை ஏமாற்றி இலவசமாகப் பேசியவர்களுக்கு ‘ஃப்ரீக்’ என்று பெயர் இருந்தது, அந்தச் சொல்லின் எழுத்துதான் இங்கே வந்தது என்பார்கள். 1990களின் நடுவில் ஏஓஎல் இணையச் சேவையின் ஊழியர் போல நடித்து, வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல்லைக் கறந்தவர்களிடையே இது புழங்கத் தொடங்கியது.

தமிழில் வலைவீசல் என்றும் தூண்டில் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். வலை என்றால் இணையம் என்று ஏற்கெனவே பொருள் ஆகிவிட்டதால், எனக்குத் தூண்டில் அஞ்சலே சரியாகப் படுகிறது. வலையில் இரை கிடையாது, தூண்டிலில் உண்டு. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது குறள். வென்றது போலத் தெரிவது, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புதான். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் மடல்களுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எழுத முடியாது. இன்று இரை பரிசாகவே வர வேண்டியதில்லை. பயமும் இரைதான்: கணக்கு முடக்கப்படும், பார்சல் திரும்பிப் போகும், 24 மணி நேரத்தில் சரிபார்க்கவும். உங்கள் பழைய கடவுச்சொல் ஒன்றைக் காட்டி, கணினியைக் கைப்பற்றிவிட்டேன், பணம் அனுப்பு என்று மிரட்டும் மடலும் இந்த வகைதான். அந்தக் கடவுச்சொல், எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்திருக்கும். இன்னும் எங்காவது அதைப் பயன்படுத்தினால் மாற்றிவிட்டு, மடலை அழித்துவிடலாம்.

இவ்வளவு எளிதாக இன்னொருவர் பெயரில் எப்படி எழுத முடிகிறது? மின்னஞ்சல் இன்றும் ஓடுவது 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி என்ற அஞ்சல் அனுப்பும் நெறிமுறையின் மேல்தான். ஒருவரை ஒருவர் அறிந்த சிறு வட்டத்துக்காக எழுதிய நெறிமுறை அது, அனுப்புநரைச் சோதிக்கும் வழியே அதில் இல்லை. காகித உறையில் அனுப்புநர் என்று யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் விசாரிப்பதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும். பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளை மேலே ஒட்டவைத்தார்கள். இந்த டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) அனுப்ப, மடலை அனுப்பும் கணினியான இந்த சர்வருக்கு உரிமை உண்டா, வழியில் மடல் மாறியதா, சோதனையில் தோற்றால் என்ன செய்வது என்று அவை பார்க்கும். பெரிய நிறுவனத்தின் முகவரியை அப்படியே போலி செய்வது இவற்றால் கடினமாகிவிட்டது. போலிக்காரர்களோ அதைப் போலவே தோன்றும் வேறு டொமைனை வாங்கிக்கொண்டார்கள். அந்த டொமைனுக்கு அவர்களே உரிமையாளர்கள் என்பதால் மூன்று சோதனையிலும் அழகாகத் தேறிவிடும்!

அதனால் முகவரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதை விட்டுவிடுங்கள். லிங்க்கில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்’ என்று இருந்தால் அது வங்கியின் தளம் அல்ல, ‘சரிபார்ப்பு.நெட்’ வைத்திருப்பவரின் தளம். முன்னால் உள்ளதெல்லாம் அவர் விருப்பத்துக்கு வைத்த ஒட்டு. பூஜ்யத்தை ‘ஓ’ எழுத்தாக வைப்பதும், ஆங்கில ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் நெருக்கி ‘எம்’ போலக் காட்டுவதும் பழைய வித்தைகள். கைபேசியின் சின்னத் திரையில் இவை கண்ணுக்கே படாது. சந்தேகம் வந்தால் மடலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும்.

இனி வைரஸ். லத்தீனில் இதற்கு நஞ்சு என்று பொருள். கணினிக்கு இந்தப் பெயரைப் பொருத்தியது, தன்னைத் தானே பிற நிரல்களில் நகலெடுத்து ஒட்டும் நிரல்களைப் பற்றி 1984-இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய ஃபிரெட் கோஹன். பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஏடல்மன். நஞ்சு, நச்சு ஆகி நிரலோடு சேர்ந்து நச்சுநிரல் என்ற தமிழ்ச் சொல் பிறந்தது. லத்தீன் மூலத்துக்கே நேராகப் போய்ச் சேரும் நல்ல ஆக்கம். நிரல் என்றாலே வரிசை, இலக்கணத்தில் வரும் நிரல்நிறை நினைவிருக்கும். வரிசையாக அடுக்கிய கட்டளைகள் நிரல் ஆனது இயல்புதான். நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் பொருள் உண்டு. ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்ற குறளில், முதல் நச்சு விருப்பம், இரண்டாவது நஞ்சு.

2000 மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ இந்த இரண்டு பொருளுக்கும் பொருந்தும். பிலிப்பைன்ஸில் கிளம்பிய அந்த மடலோடு காதல் கடிதம் போல ஒரு கோப்பு வந்தது. பெயரின் முடிவில் உரைக் கோப்பைக் குறிக்கும் ‘டிஎக்ஸ்டி’ என்ற ஒட்டு இருந்தது, அதற்குப் பின்னால் நிரல் கோப்பைக் குறிக்கும் ‘விபிஎஸ்’ என்ற இன்னொரு ஒட்டும் இருந்தது. தெரிந்த ஒட்டுகளை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு அது சாதாரண உரைக் கோப்பு. திறந்தால் நிரல் ஓடி, படக் கோப்புகள் போன்றவற்றை அழித்து எழுதி, முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் உங்கள் பெயரிலேயே மடலை அனுப்பும். அதாவது, வந்தது தெரிந்தவரிடமிருந்து, முகவரியும் உண்மை. தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்ற அறிவுரை அங்கே உதவவில்லை.

இப்போது மடலில் வருபவை பெரும்பாலும் கோஹன் சொன்ன கறாரான பொருளில் வைரஸ் அல்ல. உளவு பார்ப்பது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது என்று பல வகை. எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தீநிரல் என்பது பொருத்தம். வேர்டு, எக்செல் கோப்பில் மேக்ரோ என்ற சிறு நிரலை வைத்து அனுப்புவது பல ஆண்டுகள் அவர்களுக்குக் கைகொடுத்தது. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோவை இயல்பாகவே தடுக்க மைக்ரோசாஃப்ட் 2022-இல் முடிவெடுத்த பிறகு வேறு வழிகளுக்குப் போனார்கள். அவற்றில் ஒன்று, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு. பூட்டியிருப்பதால் வழியில் சோதிக்கும் மென்பொருளால் உள்ளே பார்க்க முடியாது, கடவுச்சொல்லோ மடலிலேயே எழுதியிருக்கும். பாதுகாப்புக்காகப் பூட்டியவர், சாவியையும் கூடவே அனுப்புவாரா? கியூஆர் குறியைப் படமாக வைத்து அனுப்புவதும் வடிகட்டியைத் தாண்டும் வழிதான். எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்பதே நல்லது. அந்த மடலுக்கே பதில் எழுதிக் கேட்டால் பதில் சொல்வது திருடனாகக்கூட இருக்கலாம்.

நீங்கள் அனுப்பாத மடல்கள் ‘சேரவில்லை’ என்று உங்களுக்கே திரும்பி வந்தால் உடனே பதற வேண்டாம். உங்கள் முகவரியை யாரோ அனுப்புநர் இடத்தில் எழுதியிருக்கிறார்கள், அதுவே பெரும்பாலும் காரணம். ‘அனுப்பியவை’ பெட்டியில் அந்த மடல்கள் கிடந்தால் கணக்கு பறிபோயிருக்கிறது என்று பொருள்.

அப்படிப் பறிபோயிருந்தாலோ, போலித் தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாலோ, வேறொரு நல்ல கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். வங்கி விவரம் கொடுத்திருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். தீநிரல் கோப்பைத் திறந்துவிட்டால், முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். பலரும் மறப்பது மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் போய்ப் பார்ப்பது. உங்களுக்கு வரும் ஒவ்வொரு மடலின் நகலும் தனக்கு வரும்படி திருடன் அங்கே ஒரு விதியை எழுதி வைத்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அழியாது, அதை நாம்தான் தேடி நீக்க வேண்டும்.