பக்கத்து வீட்டுப் புகைபோக்கி: 'அனுமதி தேவையில்லை' என்று கவுன்சில் சொன்னால்

லண்டனில் ஒரு வரிசை வீட்டின் மாடி. ஒரு அக்கா பின்னறை ஜன்னலைத் திறந்து காட்டினார். கம்பு நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் பளபளவென்று ஒரு ஸ்டீல் குழாய். பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் இழுத்துக் கட்டிய அறையின் கூரையிலிருந்து கிளம்பி, சரியாக ஜன்னல் உயரத்தில் முடிகிறது. அங்கே விறகு அடுப்பு மூட்டினால் இங்கே பேத்தியின் தலையணை நாறும். உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு எழுதினார். 7 வாரம் கழித்து இரண்டு வரியில் பதில்: 'இதற்குத் திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) தேவையில்லை.' அத்தோடு முடிந்தது என்று அக்கா விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு ஆணைப்படி, கூரையின் உச்சியைவிட 1 மீட்டருக்குக் குறைவாகவே மேலே போகும் புகைபோக்கிக்குத் தனி அனுமதி வேண்டாம். இதில்தான் வினை. விதி 'இதற்கு மேல் போகாதே' என்கிறதே தவிர, 'இதற்குக் கீழே வைக்காதே' என்று சொல்லவில்லை. எவ்வளவு தாழ்வாக வைத்தாலும் பிளானிங் பிரிவுக்குக் கவலை இல்லை. உங்கள் ஜன்னலுக்குத்தான் கவலை.

குழாயின் வாய் எங்கே இருக்கலாம் என்பதைப் பார்ப்பது கட்டட விதிகள். அது பில்டிங் கண்ட்ரோல் பிரிவின் வேலை. அதே கவுன்சில்தான், ஆனால் வேறு மேசை. இந்த மேசைக்காரர் அந்த மேசையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். வழிகாட்டி ஆவணம் 'ஜே' சொல்வது இது: விறகு, கரி எரிக்கும் அடுப்பின் குழாய் வாய் பக்கத்துக் கட்டடத்திலிருந்து 2.3 மீட்டருக்குள் இருந்தால், அந்தத் தூரத்துக்குள் வரும் கட்டடப் பகுதியைவிட அது 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். நடுவில் எல்லைச் சுவர் இருக்கிறதே என்ற சாக்கு செல்லாது. அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிந்தவர் அடுப்பைப் பொருத்தினால், விதிப்படி இருக்கிறது என்று அவரே சான்று எழுதிக்கொள்வார். கவுன்சில் ஆள் ஏணி வைத்து ஏறிப் பார்க்கப் போவதில்லை. ஆகவே பில்டிங் கண்ட்ரோலுக்கு ஒரே கேள்வி எழுதுங்கள்: 'இந்த முகவரியில் அடுப்புக்குச் சான்று பதிவாகியிருக்கிறதா?' போனில் கேட்காதீர்கள். போனில் சொன்னதற்கு யாரும் பொறுப்பில்லை.

குழாய் வைக்கப்போவது நீங்கள் என்றால், ஃப்ளாட்டுக்கு 'அனுமதி வேண்டாம்' என்ற மேற்சொன்ன சலுகை கிடையாது. கடைக்கு மேல் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். பழைய கட்டடங்களின் தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி (கன்சர்வேஷன் ஏரியா) என்றால் தெருவைப் பார்த்த முன், பக்கச் சுவரிலும் கூரைச் சரிவிலும் அனுமதியில்லாமல் வைக்க முடியாது. விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528க்கு ஏறிவிட்டது. 'அண்ணே, ஒண்ணும் வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்' என்று பில்டர் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் கவுன்சில் நோட்டீஸ் வருவது வீட்டுக்காரர் பெயருக்கு, பில்டருக்கு அல்ல.

பக்கத்து வீட்டார் முறையாக விண்ணப்பித்திருந்தால், ஆட்சேபிக்கப் பொதுவாக 21 நாள். கடிதம் இணையத்தில் ஏறும், ஊரே படிக்கும்; பழைய சண்டையை அதில் எழுதாதீர்கள். 'வீட்டு விலை விழும்' என்று எழுதுவதும் வீண், அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். புகை, நாற்றம், ஜன்னலுக்கு உள்ள தூரம், இவற்றை எழுதுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அவர் மேல்முறையீடு செய்யலாம். கொடுக்கப்பட்டால் உங்களுக்கு அந்த வழி இல்லை. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

குழாய் சட்டப்படி சரியாகவே இருந்தாலும் புகை வேறு விஷயம். அது சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு, மூன்றாவது மேசை. உங்கள் தெரு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியா என்று கேளுங்கள். ஆம் என்றால் புகைபோக்கியிலிருந்து புகை வந்ததற்கு 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். வெறுமனே 'எப்போதும் புகை' என்று எழுதினால் கோப்பு தூங்கிவிடும். அக்கா இப்போது சமையலறைக் காலண்டரில் குறிக்கிறார்: 'செவ்வாய், மாலை 6:40 முதல் 9:15, காற்று நம் பக்கம், காயப்போட்ட துணியை மறுபடி துவைத்தேன்.'