பழைய பேஸ் கம்பிகள்: கழுவத் தகுந்தவை, கழற்றி எறிய வேண்டியவை

பழுதுபார்க்க வரும் பேஸ் கிட்டார்கள் பலவற்றில் பழுதே இருப்பதில்லை. கம்பியில் அழுக்கேறி நாதம் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். பேஸ் கம்பி என்பது ஓர் உட்கம்பி, அதன் மேல் நெருக்கமாகச் சுற்றப்பட்ட இன்னொரு கம்பி. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வை, எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல் எல்லாம் போய் அடைந்துகொள்கின்றன. அடி நாதம் கேட்கும். அதன் மேலே எழும் பளபளப்பான மேல் சுரங்கள் அமுங்கிவிடும்.

கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் கம்பி மறுபடி கணீரென்று ஒலிக்கும். ஆனால் சுற்றுக்குள் ஈரம் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி நச்சு கலந்த எரிசாராயம்) ஊற்றி, கம்பியைத் தளர்வாகச் சுருட்டி இரவு முழுவதும் ஊறவைப்பதே என் பரிந்துரை. மறுநாள் துணியால் அழுந்தத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். அந்த ஸ்பிரிட்டில் பெரும்பாலும் மெத்தனால் கலந்திருக்கும். குடித்தால் பார்வையும் பறிபோகும், உயிரும் போகும். தயவுசெய்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சீக்கிரம் வேலை முடியட்டும் என்று அடுப்பில் சூடாக்குவது தீயைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விடுவதற்குச் சமம். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் எரியும் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். கிட்டாரின் மேல் ஒரு சொட்டும் விழ வேண்டாம். சிலவகைப் பூச்சுகள் கரைந்துவிடும்.

ஊறவைக்கும் முன் கம்பியைப் புரட்டி, அடிப்பக்கத்தில் நகத்தால் வருடிப் பாருங்கள். ஃபிரெட் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) படும் இடங்களில் பள்ளம் தட்டுப்பட்டால், எவ்வளவு கழுவினாலும் அது போகாது. உலோகமே தேய்ந்துவிட்டது. செந்துரு தெரிந்தாலும் அப்படித்தான். கழுவி மாட்டிய பின் 12ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும்போது எழும் சுரம்), அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். பிரிட்ஜில் (உடற்பகுதியில் கம்பியைத் தாங்கும் பாகம்) சரிசெய்தும் இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தக் கம்பியை விட்டுவிடலாம்.

ட்யூனிங் கீயில் (சுருதி கூட்டும் திருகு) ஏற்கெனவே மடிந்த முனையைக் குறடால் நிமிர்த்தாதீர்கள். அறுவது பெரும்பாலும் அங்கேதான். பழைய மடிப்பிலேயே, பழைய திசையிலேயே சுற்றுங்கள்.

தட்டையான கம்பி சுற்றிய, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகளுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியக் கம்பி மாற்றாதவர் என்று சொல்வார்கள். அந்த மந்தமான, கனத்த நாதத்தை விரும்புகிறவர்கள் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.