பொம்மை வீட்டுக் கதவுக்கு ஓர் ஆரஞ்சு வில்லை

ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஆரஞ்சுப் பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி உலர்த்தி, வாசற்கதவில் தொங்கும் தழை வளையத்தில் கட்டுவார்கள். அந்த வளையமே பொம்மை வீட்டுக்கும் வேண்டுமென்றால் எல்லாம் 12 மடங்கு சுருங்க வேண்டும். பொம்மை வீடுகளின் வழக்கமான அளவு 1:12. ஏழு சென்டிமீட்டர் ஆரஞ்சு அங்கே ஆறு மில்லிமீட்டர். அதற்குள் பத்துச் சுளைகள், சுளைகளுக்கு நடுவே வெள்ளைச் சவ்வு, சுற்றிலும் தோல்.

இதை யாரும் தூரிகையால் வரைவதில்லை. பாலிமர் களிமண்ணில் ஆறு சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுளையும் சவ்வும் தோலுமாக அடுக்கி ஓர் உருளை செய்கிறார்கள். அதைச் சுற்றிலும் அமுக்கி, உருட்டி, இழுத்து மெலிய வைக்கிறார்கள். விட்டம் பத்தில் ஒன்றானால் குறுக்குவெட்டுப் பரப்பு நூறில் ஒன்றாகும். கன அளவு மாறாது என்பதால் நீளம் நூறு மடங்காகும். மூன்று சென்டிமீட்டர் உருளை மூன்று மீட்டர் வரை நீளும், உள்ளே கோலம் கலையாமல்! அதை மெல்லியதாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஓர் ஆரஞ்சு வில்லை. ஆனால் எல்லா நிறமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். வெள்ளை மட்டும் இளகலாக இருந்தால் அது முந்திக்கொண்டு நகர்ந்து சவ்வுகள் கோணிவிடும். அதனால் இளகலான களிமண்ணை முதலில் காகிதங்களுக்கு நடுவே வைத்துவிடுவார்கள். காகிதம் அதிலுள்ள பிளாஸ்டிசைசர் என்னும் இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்ச, களிமண் இறுகும்.

இந்தக் களிமண்ணில் தண்ணீர் கிடையாது, காற்றில் காயாது. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கின் நுண்துகள்களை பிளாஸ்டிசைசர் எண்ணெயில் குழைத்து, நிறமிகள் சேர்த்தது இது. ஓவன் அடுப்பில் சூடேறும்போது எண்ணெய் துகள்களுக்குள் புகுகிறது. துகள்கள் உப்பி ஒன்றையொன்று தொடுகின்றன. அடுத்தடுத்த துகள்களின் நீண்ட மூலக்கூறுகள் பின்னிக்கொள்கின்றன. ஆறினால் ஒரே உடம்பு.

அதனால் நேரத்தைப் போலவே வெப்பநிலையும் இங்கே முக்கியம். ஃபிமோ என்ற பிராண்டுக் களிமண்ணுக்கு 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்பி என்ற பிராண்டுக்கு 130 என்பது வழக்கம். மெல்லிய வில்லை கருகிவிடுமோ என்று பயந்து சூட்டைக் குறைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. வில்லை கெட்டியாகத்தான் தெரியும். துகள்களோ விளிம்பில் மட்டும் ஒட்டியிருக்கும். வளைத்தால் பிஸ்கட் போல முறியும். சரியாக வெந்த வில்லை வளைந்து நிமிரும். மறுபக்கம், சூடு எல்லை மீறினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும்; அது நெஞ்சுக்கு ஆகாது. அடுப்பின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். ஒளி ஊடுருவும் வகைக் களிமண் சீக்கிரம் பழுப்பேறும்; மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மூடினால் போதும்.

உலர்ந்த பழத்தின் பழுப்பு விளிம்பு வேண்டுமா? வேகவைக்கும் முன்பே பேஸ்டல் சாக்கட்டித் தூளைத் தொட்டுத் தடவுங்கள். வேகாத களிமண்ணின் பிசுபிசுப்பில் தூள் பற்றிக்கொள்ளும். வேகாத வில்லையைப் பொம்மை வீட்டின் பிளாஸ்டிக் சாமான்கள்மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். கசியும் பிளாஸ்டிசைசர் சிலவகை பிளாஸ்டிக்குகளை இளக்கித் தழும்பாக்கிவிடும்.