வளவுக்குள் பழைய வெண்கலத் துண்டு அகப்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

அத்திவாரம் வெட்டும்போது பச்சைக் களிம்பு பிடித்த உலோகத் துண்டொன்று மண்வெட்டியில் தட்டுப்படலாம். போர் நடந்த இலங்கையின் வடக்கில் மண்ணுக்குள் கிடக்கும் உலோகமெல்லாம் பானையில்லை என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். வெடிபொருளோ என்று துளிச் சந்தேகம் வந்தாலும் தொடாமல் விலகி, பொலிசுக்குச் சொல்லிவிடுங்கள்.

பாத்திரத் துண்டுதான் என்றால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பொருந்தும். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நியாயமாக நம்பக்கூடிய உலோக வேலைப்பாடு அதன்படி தொல்பொருள். அது கண்டி அரசை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்த நாள். யாழ்ப்பாண அரசு 1619இலேயே போர்த்துக்கேயர் கைக்குப் போய்விட்டது. ஆகவே யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் காலத்துக் கிடாரமும் பின்வந்த ஒல்லாந்தர் காலத்துக் கேத்தலும் ஒரே கணக்குத்தான்: இரண்டும் 1815க்கு முந்தியவை. காலத்தை நீங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை. அது தொல்பொருளியல் திணைக்களத்தின் வேலை.

காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும், மண்ணுக்குள் கிடந்த தொல்பொருள் அரசுக்குரியது. கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசிடமோ தொல்பொருளியல் திணைக்களத்திடமோ உடனே அறிவிக்க வேண்டும்.

“ஓட்டை விளிம்புதானே” என்று பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுப்பதுதான் பெரிய இழப்பு. அந்தக் காலத்தில் உலோகம் விலை கூடிய பொருள். உடைந்த பானையை உருக்கி மறுபடி வார்த்துவிடுவார்கள். அதனால் முழுப் பாத்திரம் கிடைப்பது அரிது. மிஞ்சுவது விளிம்பும் காதும் அடித்துண்டும்தான். விளிம்பின் வளைவிலிருந்து பானை வாயின் அகலத்தைக் கணக்கிடலாம். ஆணி அறைந்த ஒட்டு இருந்தால், ஓட்டை விழுந்த பிறகும் எறியாமல் புழங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடியில் கரி இருந்தால் அடுப்பில் ஏறிய பாத்திரம்.

இதெல்லாம் பழப்புளி போட்டு மினுக்கினால் போய்விடும். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள். ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள். கிடந்த இடத்தைப் படமெடுத்து, எத்தனை அடி ஆழம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஏதும் கிடக்குமா என்று தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு, சொந்தக் காணியானாலும் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

சரி, அம்மம்மா காலத்திலிருந்து வீட்டில் புழங்கும் கிடாரம்? அதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் அது 1815க்கு முந்தியதாக இருந்தால், கனடாவில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பவும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.