மிரண்ட மீனுக்குக் கொஞ்சம் கல்லுப்பு

மீன் பண்ணைக்குக் குஞ்சு வாங்கப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ரோகு, கட்லா விரலிகளைப் பாலித்தீன் பையில் விட்டு, ஆக்சிஜன் ஏற்றிக் கட்டுமுன் தண்ணீரில் கொஞ்சம் உப்பு போடுவதுண்டு. ஆற்று மீனுக்கு உப்பு எதற்கு?

வலையில் அள்ளிய சில நொடிகளிலேயே மீனின் ரத்தத்தில் அட்ரினலின் கலந்துவிடும். செவுளில் ரத்த ஓட்டம் கூடி ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும். தப்பி ஓட அது வேண்டியதுதான். ஆனால் நன்னீர் மீனுக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் ரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெளியே குளத்து நீரிலோ உப்பு இல்லை என்றே சொல்லலாம். சும்மா இருக்கும்போதே செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும், உப்பு வெளியே கசியும். ஊறிய தண்ணீரை ஓயாமல் சிறுநீராகக் கழிப்பதே அதற்குப் பெரிய வேலை. மிரளும்போது இந்தக் கசிவும் கூடிவிடுகிறது. பையில் போட்ட உப்பு அதைத்தான் மட்டுப்படுத்துகிறது.

சில நிமிடங்கள் கழித்துத்தான் கார்டிசால் என்ற இன்னொரு நெருக்கடி ஹார்மோன் ஏறத் தொடங்கும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது கார்டிசாலைச் சுரக்கச் சொல்லும் ஏசிடிஎச் ஹார்மோனை ரத்தத்தில் விடும். கார்டிசாலைச் சுரக்க நமக்கென்றால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அட்ரினல் சுரப்பி இருக்கிறது. மீனுக்கு அப்படித் தனிச் சுரப்பி கிடையாது. தலையை ஒட்டிய சிறுநீரகத்தின் முன்பகுதியில் கார்டிசாலைச் சுரக்கும் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. நம் உடம்பில் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் மீனிடம் இல்லை. ஆகவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும் அதே கார்டிசால்தான், இழந்த உப்பைத் தண்ணீரிலிருந்து திரும்ப உறிஞ்சும்படி செவுள் செல்களையும் முடுக்குகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு வேலை!

ஒருமுறை மிரண்டால் பரவாயில்லை, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கார்டிசால் அளவு இறங்கிவிடும். இறங்காமல் நின்றால்தான் கேடு. வானவில் டிரவுட் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றதை அடக்கி ஆளும். தோற்றது மூலையில் ஒதுங்கி, நிறம் கறுத்து, தீனியைத் தொடாமல் கிடக்கும். நாள்கணக்கில் அதன் கார்டிசால் இறங்காது, வளர்ச்சியும் குன்றும். நெருக்கடி நீண்டால் இனப்பெருக்க ஹார்மோன்களான டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரடையாலும் சரியும். சினைமுட்டை சரியாகத் திரளாது. நோய் எதிர்ப்பும் தளரும். நான் வாங்கி வந்த தங்கமீன் ஒன்று இரண்டு நாள் நன்றாகத்தான் நீந்தியது. மூன்றாம் நாள் வாலில் பஞ்சு ஒட்டியதுபோலப் பூஞ்சை. அப்போது தண்ணீரைக் குறை சொன்னேன். இப்போது அந்தப் பைப் பயணத்தின் மேல்தான் சந்தேகம்.

இதையெல்லாம் அளப்பதில்தான் வேடிக்கை. ரத்தம் எடுக்க மீனைப் பிடித்தாலே கார்டிசால் ஏறத் தொடங்கிவிடும். அதனால் பிடித்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மீனைத் தொடவே தொடாமல் தொட்டித் தண்ணீரை மொண்டு சோதிக்கலாம். உப்பு கசியும் அதே செவுள் வழியாகக் கார்டிசாலும் கொஞ்சம் கசிகிறது.